பிஎன்ஏ பயிற்சி: பாடம் அருமை, வார்டுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் இருக்கும் நர்ஸ்களுக்கு, கூட வேலை பார்ப்பவர்களுக்குத் துணை நிற்கக் கற்றுத்தரும் படிப்பு 'புரொஃபஷனல் நர்ஸ் அட்வகேட்', சுருக்கமாக பிஎன்ஏ. கொரோனாவில் ஐசியூ நர்ஸ்கள் துவண்டு போயிருந்த 2021 மார்ச்சில் தொடங்கி, பிறகு மற்றப் பிரிவுகளுக்கும் வந்தது. முதுகலைத் தரப் பாடம், பல்கலைக்கழகம் நடத்துவது, சுமார் 10 நாள். நர்ஸ்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலான என்எம்சியில் பதிவும் மேனேஜரின் ஒப்புதலும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அடிப்படை, ஏ-ஈக்விப் என்ற மாதிரி. பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்களுக்குச் சட்டப்படி இருந்துவந்த மேற்பார்வை முறை 2017 மார்ச்சோடு முடிந்ததும் அந்த இடத்துக்கு வந்தது இதுதான். தரம் காப்பது, கற்றுத்தருவது, மனதைத் தேற்றுவது என்று பிரிஜிட் ப்ராக்டர் 1980களில் வகுத்த மூன்றோடு, வார்டின் தரத்தை உயர்த்த நர்ஸே கையிலெடுக்கும் முயற்சி நான்காவது. தியரி சீக்கிரம் பிடிபட்டுவிடும். கஷ்டமும் பலனும் அந்த மூன்றாவதில், அதாவது மனதைத் தேற்றும் ரெஸ்டோரேட்டிவ் சூப்பர்விஷனில்.

ஏனென்றால் நர்ஸ் கை சும்மா இருக்காது. பிரச்சினை கேட்டவுடன் தீர்வு சொல்லத்தான் வாய் வரும். 'ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரம் லேட்டாப் போச்சு, என்னாலதான்' என்று ஒருவர் சொன்னால், 'பரவாயில்ல விடுப்பா, எல்லாருக்கும் நடக்குறதுதான்' என்போம். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'அந்த ஒரு மணி நேரத்துல வார்டுல வேற என்னென்ன நடந்துட்டு இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழக்குகிறது பயிற்சி. நிலைமை மோசமான நோயாளி வந்து சேர்ந்தது, ஆள் பற்றாக்குறை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து, ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கும் பயிற்சி இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்லைடு மட்டும் ஓடினால் வீண்.

பயிற்சி முடித்து வார்டுக்குத் திரும்பி, கூட வேலை பார்ப்பவர்களுக்கு இப்படிப் பேச்சு செஷன் நடத்தும்போது ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆறாவது ஆள் வந்தாலே யாராவது ஒருவர் பேசாமல் எழுந்து போவார். ஆரம்பத்திலேயே விதியைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் நோயாளிக்கோ பேசுபவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மேலே சொல்லியே ஆக வேண்டும். இதைப் பிற்பாடு சொன்னால் நம்பிக்கை அன்றோடு போச்சு. வார்டை ஒட்டிய ஸ்டாஃப் ரூமும் ஆகாது. கதவைத் தட்டி மருந்து அலமாரிச் சாவி கேட்பார்கள். அதைவிடப் பெரிய தப்பு, வார்டு மேனேஜரே தன் வார்டு நர்ஸ்களுக்கு செஷன் எடுப்பது. வேலையை மதிப்பிட்டு அப்ரைசல் எழுதுபவர் முன்னால் யார் மனம் திறப்பார்கள்?

இனி கணக்கு. 2025க்குள் 20 நர்ஸ்களுக்கு பயிற்சி முடித்த ஒரு பிஎன்ஏ என்பது என்எச்எஸ் இங்கிலாந்து வைத்த இலக்கு. 20 பேரை நான்கு குழுவாக்கி, ஒன்றரை மணி நேரப் பேச்சு, அரை மணி நேர ஏற்பாடு என்றால் ஒரு சுற்றுக்கு 8 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்றாலே மாதம் சுமார் 3 மணி நேரம். திடீரென்று ஒருவர் அழுதுகொண்டு வந்து நிற்பது இதில் சேராது. இந்த நேரம் ரோஸ்டரில் இல்லாவிட்டால், சான்றிதழ் ஃபைலில் தூங்கும்; பேட்ஜ் மட்டும் யூனிஃபார்மில் இருக்கும். நைட் டியூட்டிக்காரர்கள்பாடு இன்னும் மோசம், செஷனெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கே வைப்பார்கள்.

ஆகவே விண்ணப்பத்தில் மேனேஜர் கையெழுத்துப் போடும் அன்றே, மாதம் எத்தனை மணி நேரம் என்று மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். செஷனுக்கு வருபவர்களிடம் ஒன்றைச் சொன்னால் கூட்டமும் சேரும்: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்எம்சி ரீவேலிடேஷனுக்கு, அதாவது பதிவைப் புதுப்பிக்க, கேட்கும் 5 அனுபவக் குறிப்புகளுக்கு இங்கேயே விஷயம் கிடைக்கும். பிஎன்ஏ என்எம்சி பதிவுள்ளவர் என்பதால், அதற்கான உரையாடலையும் அவரோடே தனியாக உட்கார்ந்து முடித்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பேண்ட், அதாவது சம்பள நிலை, உயரும் என்ற எண்ணத்தில் மட்டும் சேர வேண்டாம். இருக்கிற வேலையோடு கூடுதலாகப் பார்ப்பதுதான் பெரும்பாலும்.