மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டம்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

ஓட்டலுக்கும் செல்போனுக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். மாதாமாதம் பணம் கட்டுகிற கரண்டுக்கு விலை வைக்கும் இடத்தைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் தொழிலில் கரண்டுதான் மூலப்பொருள், தண்ணீர்கூட அப்புறம்தான். 2022 ஆகஸ்ட் 18 அன்று மதுரையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய கூட்டத்துக்குப் போனதை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, கட்டணத்தை மாற்றக் கேட்கிறவர்கள், அதாவது மின்வாரியம் போன்றவர்கள், தங்கள் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். மக்கள் சொல்வதைப் பரிசீலித்த பிறகே ஆணையம் 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. தபாலில் எழுதிப் போடலாம், நேரில் எழுந்து தமிழிலேயே பேசலாம். இது சலுகை இல்லை, நம் உரிமை. இதற்கே இரண்டு நட்சத்திரம்.

நான் பேசியது மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் எடுக்க ஆள் ஏது? கம்பிரசரை நிறுத்தி, கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவோம். மீட்டர் அநேகமாக ஓடாது. ஆனால் இணைப்புக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும், கரண்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் வந்துவிடும். மே மாத பில்லையும் ஆகஸ்ட் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் யூனிட் கணக்குதான் மலை மாதிரி நிற்கும். மே மாதத்தில் அது ஒன்றுமே இல்லை, நிலைக்கட்டணம்தான் மொத்த பில். அந்த இரண்டு பில்லின் நகலையும் மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். அரசாங்கமே தொழிலை நிறுத்தச் சொல்லும் மாதங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இப்போதும் அதையேதான் கேட்கிறேன். இந்த வருடத் தடைக்கால பில்லிலும் நிலைக்கட்டணம் அப்படியேதான் வந்தது.

பேசியது காற்றோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆணை வரும்போது ஆட்சேபணைகளைத் தலைப்புவாரியாகப் பிரித்து, அதற்கு மின்வாரியத்தின் பதிலையும் ஆணையத்தின் கருத்தையும் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை என் மருமகள் படித்துச் சொன்னாள். அந்தப் பதில் திருப்தி இல்லையென்றால் 111ஆவது பிரிவில் டெல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வழி உண்டு. எழுத்தில் ஒன்று இருந்தால்தான் அதற்கு அடுத்த படி. மூன்றாவது நட்சத்திரம் இதற்கு.

குறைத்த இரண்டு நட்சத்திரத்துக்கு வருகிறேன். அந்த முறை கூட்டம் நடந்தது கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊரில். மண்டபத்திலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டர் இருக்கும். தொண்டியில் கருவாடு காயப்போடுகிற அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவாரா? ராமநாதபுரத்தில் ஒரு கூட்டம் வைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று பெரிய விஷயம். 2022 செப்டம்பர் 10இல் அமலுக்கு வந்த ஆணையிலேயே, ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டை வைத்து, 6 சதவீதத்துக்கு மிகாமல் கட்டணம் ஏறும் என்று எழுதியாயிற்று. அப்படித்தான் 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 சதவீதம். கணக்குப் போட்டு ஏறுகிற கட்டணத்துக்கு நாம் எங்கே போய்ப் பேசுவது? வருடா வருடம் வாயைத் திறக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும்.

கரண்டு தயாரிக்கிற எரிவாயுவின் விலையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இன்னும் தூரம். நம் மாவட்டத்து வாயுவில்தான் வழுதூர் மின் நிலையம் ஓடுகிறது. ஆனால் பழைய எரிவாயு வயல்களின் வாயு விலையைக் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு வகுத்தது. வாயுவைக் கொண்டுபோகும் குழாய்க்கான கட்டணத்தைப் பார்ப்பது டெல்லியில் இருக்கும் பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். அங்கேயும் கருத்து கேட்கிறார்கள், எழுதி அனுப்பலாம். நம் பக்கத்திலிருந்து யாராவது எழுதினால் நல்லது.

மின்வாரியத்தின் அடுத்த கட்டண மனு வரும்போது கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: மின் இணைப்பு எண், வாங்கியிருக்கும் கிலோவாட், தடைக்கால பில், சீசன் பில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாம்பன், தொண்டி, ஏர்வாடிப் பக்கத்து ஆட்கள் விருப்பமிருந்தால் கீழே சொல்லுங்கள்.