பிரிட்டன் கூடைப்பந்து லீக்: பல சீசன் தொடர்ந்து பார்த்தால் தெரிவது

பிரிட்டனின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் ஒவ்வொரு கோடையிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த அக்டோபரில் இது இருக்குமா? 1987 முதல் பிபிஎல் (பிரிட்டிஷ் பாஸ்கெட்பால் லீக்) என்ற பெயரில் நடந்தது 2024 கோடையில் முடிந்தது. அதே ஆண்டு சூப்பர் லீக் பாஸ்கெட்பால் என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. பெயர்ப்பலகைதான் மாறியது, லெஸ்டர், நியூகாஸில், ஷெஃபீல்ட், லண்டன், பிரிஸ்டல் என்று ஊர்களும் பெரும்பாலும் ஆட்களும் அப்படியேதான். அதனால் இரண்டையும் ஒரே லீக்காக வைத்தே இங்கே பேசுகிறோம்.

ஆட்டத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் ஆட்டம் நன்றாகவே இருக்கிறது. நாற்பது நிமிட ஆட்டம், இடைவேளை, டைம் அவுட் எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுமார் 2,400 பேர் அமரக்கூடிய லெஸ்டர் அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தால் பக்கக்கோடு காலடியில் இருக்கும். தடுப்பாட்டக்காரர் ‘ஸ்கிரீன் லெஃப்ட்’ (இடப்பக்கம் எதிரணி வீரர் வழி மறித்து நிற்கிறார்) என்று கத்துவதும், பயிற்சியாளர் விரலைத் தூக்கி எந்த ஆட்டமுறையைக் கேட்கிறார் என்பதும் தெளிவாகத் தெரியும். பெரிய லீக்குகளில் பெரும் பணம் கொடுத்தாலும் சாதாரண ரசிகருக்கு இந்த நெருக்கம் கிடைப்பது கடினம்.

இனி வாடகை அரங்கில் நடக்கும் ஆட்டம். பொது விளையாட்டு மையத்தின் தரையில் பேட்மின்டன், நெட்பால், ஐவர் கால்பந்து என்று நான்கைந்து நிறத்தில் கோடுகள் கிடக்கும். நேரில் பார்க்கும்போது கண் பழகிவிடும். ஒற்றைக் கேமராவில் வரும் ஒளிபரப்பில் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோடு அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்; போட்டது இரண்டா மூன்றா என்று நடுவரின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தைக் கூடைக்கு எறிய ஓர் அணிக்கு உள்ள அவகாசத்தைக் காட்டும் 24 வினாடிக் கடிகாரங்களை ஆட்டத்துக்கு முன் தன்னார்வலர்கள் கொண்டுவந்து பொருத்தி, கேபிளைத் தரையில் டேப் போட்டு ஒட்டுவார்கள். யாராவது அதை மிதித்து ஒரு பக்கக் கடிகாரம் அணைந்தால், மற்றதையும் அணைத்துவிட்டு அறிவிப்பாளர் மைக்கில் ‘பத்து... ஐந்து...’ என்று சொல்லும் நிலை வரும். கடைசிப் பந்தை எப்போது எறிவது என்பதை வீரர்கள் காதால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். பனிச்சறுக்குத் தளத்தின் மேல் பலகை விரித்து ஆடும் பெரிய அரங்குகளுக்கு வேறு தொல்லை உண்டு. உள்ளே கூட்டம் சேர்ந்து காற்று சூடானால், கீழே குளிர்ந்திருக்கும் பலகையில் ஈரம் கசியும். துடைத்து மாளாது, ஆட்டமே ரத்தாகலாம்.

இதையெல்லாம் சில்லறைக் குறைகள் என்று ஒதுக்க முடியாது. இந்த லீக் ஏன் தள்ளாடுகிறது என்பதற்கான காரணம் இங்கேதான் கிடக்கிறது. அரங்கம் யாருடையது என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால், அந்தக் கிளப் நிற்குமா விழுமா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற எட்டோடு நான்கு முறை மோதினால் 32 லீக் ஆட்டம். அதில் சொந்த ஊரில் 16. கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் வருஷத்துக்கு இருபது இரவு என்று வைக்கலாம். ஓர் உதாரணத்துக்கு, ஒவ்வோர் இரவும் 2,000 பேர் வந்து ஆளுக்கு 12 பவுண்டு கொடுத்தால் 24,000 பவுண்டு. விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருந்தால் கிளப் கையில் நிற்பது 20,000. பதினாறு லீக் ஆட்டத்துக்கு 3,20,000. இதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வீரர்களின் சம்பளம், வெளிநாட்டு வீரர்களுக்கு விசா, விமான டிக்கெட், குடியிருக்க வீடு, பயிற்சியாளர்கள், நடுவர் கட்டணம், வெளியூர் பஸ், காப்பீடு, பிறகு அரங்க வாடகை. பயிற்சிக்கும் வாடகை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் தரை வேண்டும். அரங்கம் நிரம்பினாலும் டிக்கெட் பணத்தில் மட்டும் இது ஓடாது.

சொந்த அரங்கம் இருந்தால் மீதி முந்நூற்று நாற்பது நாளும் வருமானம் வரும். பள்ளிகள், பேட்மின்டன் குழுக்கள், சிறுவர் பயிற்சி முகாம், கண்காட்சி என்று தரை ஓய்வதே இல்லை. ஆட்ட நாளில் விற்கும் காபியும் பீரும்கூட வீட்டுக்கணக்கில் சேரும். வாடகை அரங்கில் அது அரங்கக்காரரின் கணக்கில் போகும்.

லெஸ்டர் ரைடர்ஸ் 1967இல் தொடங்கிய கிளப், நாட்டின் மிகப் பழைய தொழில்முறைக் கூடைப்பந்துக் கிளப். அதன் அரங்கம் 2016 தொடக்கத்தில் திறந்தது; அந்த ஆண்டு தொடங்கி 2018 வரை லீக் பட்டம் மூன்று முறை தொடர்ந்து அங்கேதான் போனது. நியூகாஸில் ஈகிள்ஸ் தன் அறக்கட்டளை வழியாக எழுப்பிய அரங்கம் 2019இல் திறந்தது. ஷெஃபீல்ட் ஷார்க்ஸுக்கு 2023இல் புது அரங்கம் வந்தது. மூன்றும் 2,000 முதல் 3,000 இருக்கை வரைதான். இதுவே சரியான அளவு என்பது எங்கள் உறுதியான கருத்து. பாதி காலியான 8,000 இருக்கை அரங்கைவிட நிரம்பிய 2,400 இருக்கை அரங்கம் வாடகையிலும் மலிவு, சத்தத்திலும் பெரிது.

எதிர்ப்பக்கம் பிளிமத். அங்கே 2021இல் அரங்க ஒப்பந்தம் கூடிவராமல் பிளிமத் ரெய்டர்ஸ் கிளப் லீக்கைவிட்டு விலகியது. அந்த இடத்துக்கு வந்த பேட்ரியட்ஸ் கிளப் மூன்று சீசன் ஓடி, 2024இல் புது லீக்கில் இடம்பெறாமலே போனது. ரசிகர்கள் இருந்தார்கள், ஊர்ப் பற்று இருந்தது, ஆட வீடு இல்லை.

பெரிய பணம் வந்த கதையும் இந்த லீக்குக்குப் புதிதில்லை. 1995இல் மான்செஸ்டர் ஜயன்ட்ஸ் புது அரங்கில் ஆடிய முதல் ஆட்டத்துக்கு 14,251 பேர் வந்தார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் கிளப்பே இல்லை. 2001இல் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஐடிவி டிஜிட்டலுடன் லீக் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. 2002இல் அந்த நிறுவனமே கவிழ்ந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான 777 பார்ட்னர்ஸ் 70 லட்சம் பவுண்டுக்கு லீக்கின் சுமார் 45 சதவீதத்தை வாங்கியது; லண்டன் லயன்ஸ் கிளப்பும் அதன் கையில்தான் இருந்தது. லயன்ஸ் பெண்கள் அணி 2024 ஏப்ரலில் யூரோகப் வென்றது. பிரிட்டிஷ் அணி ஒன்று ஐரோப்பியக் கூடைப்பந்துக் கோப்பை வென்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள், ஜூனில், முதலீட்டாளர் நொடித்ததால் பிரிட்டிஷ் கூடைப்பந்துக் கூட்டமைப்பு லீக்கின் உரிமத்தையே ரத்து செய்தது. அந்தப் பெண்களின் உழைப்புக்கு நேர்ந்த அநியாயமாகவே இதைப் பார்க்கிறோம்.

கிளப்புகள் தாங்களே சேர்ந்து புது லீக்கைத் தொடங்கின. கூட்டமைப்போ, அமெரிக்கக் கூடைப்பந்து அணியான போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸின் முன்னாள் தலைவர் மார்ஷல் கிளிக்மன் தலைமையிலான குழுவுக்கு 15 ஆண்டு உரிமம் தர முன்வந்தது. கிளப்புகள் அதை ஏற்கவில்லை. விவகாரம் வக்கீல்கள் கைக்குப் போனது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, சண்டை நடக்கும் காலத்தில் என்ன நின்றுபோகிறது என்பதே எங்கள் கவலை. உரிமம் நிச்சயமில்லாத லீக்குக்கு மூன்று வருஷ விளம்பர ஒப்பந்தம் யார் தருவார்? ஒளிபரப்பும் அதே கதிதான். 2016இல் பிபிசி, 2020இல் ஸ்கை, பிறகு யூடியூப் என்று ஆட்டம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தேடிவர அலுத்துச் சிலர் நின்றுவிடுகிறார்கள்.

வீரர்களைப் பற்றி ஒன்று. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே சீசனுக்கு. மார்ச்சில் பெயர் மனதில் பதியும் அமெரிக்க வீரர் செப்டம்பரில் போலந்திலோ பிரான்சிலோ இருப்பார். வீரரைப் பின்தொடர்ந்தால் ஏமாற்றம்தான், பயிற்சியாளரைப் பின்தொடருங்கள். ராப் பேட்டர்னோஸ்ட்ரோ 2008இல் லெஸ்டருக்கு வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் நின்றார். ஆட்கள் மாறினாலும் அந்த அணியின் தடுப்பாட்டம் அடையாளம் மாறாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

சீசன் டிக்கெட் வாங்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது: கிளப்பை நடத்தும் நிறுவனத்தின் பெயரை, பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் தேடுங்கள், இலவசம். கணக்கு தாக்கல் செய்யும் தேதி கடந்து கிடக்கிறதா, ஒரு வருஷத்தில் இயக்குநர்கள் கூட்டமாக விலகியிருக்கிறார்களா, ஒரு வருஷத்துக்குள் அடைக்க வேண்டிய கடன் எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து அட்டவணை. சொந்த ஊர் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தேதியும் இடமும் அறிவித்திருக்க வேண்டும். ‘இடம் பின்னர்’ என்று நாலைந்து ஆட்டம் இருந்தால் அரங்கம் இன்னும் பேசி முடியவில்லை என்று பொருள். அந்த வருஷம் ஆட்டத்துக்கு ஆட்டம் டிக்கெட் எடுப்பதே புத்தி. போன சீசன் வீரர்களில் நாலு பேராவது திரும்பி வருகிறார்களா என்பதும் நல்ல அளவுகோல்.

எதிர்காலத்தில் பெரிய கேள்விக்குறி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ. ஐரோப்பாவில் புது லீக் தொடங்குவது பற்றி என்பிஏவும், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவும் 2025 மார்ச்சில் அறிவித்தன. லண்டன், மான்செஸ்டர் பெயர்கள் அதில் தொடர்ந்து அடிபடுகின்றன. அது வந்தால் லண்டன், மான்செஸ்டர் கிளப்புகளின் நிலை தலைகீழாகலாம். லெஸ்டருக்கும் நியூகாஸிலுக்கும் ஷெஃபீல்டுக்கும் அதனால் பெரிய கெடுதல் வராது என்றே நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு அந்த ஊர்க் குடும்பம் லண்டனுக்கு ரயில் ஏறப் போவதில்லை. மற்ற கிளப்புகளுக்கு அடுத்த மூன்று ஆண்டில் ஆகவேண்டிய வேலை நகராட்சியோடும் ஊர்க் கல்லூரியோடும் உட்கார்ந்து நிலம், கடன், குத்தகைக் காலம் மூன்றையும் பேசி முடிப்பது. ஒரு கிளப் அறிவிக்கும் புது வீரரின் பெயரைவிட, அது அரங்கத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறது என்ற செய்தியைத்தான் இனி நாம் தேடிப் படிக்க வேண்டும்.