எலும்புக்குள் சீழ்: குழாய் வழி மருந்தா, வாய் வழி மருந்தா?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்குக் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். புண்ணில் மண் ஏறியிருக்கும். பின்னால் எலும்பைத் தாக்குவது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான். காற்றே ஆகாத கிருமிகள் அரிது. சீழின் துர்நாற்றம் அவற்றைக் காட்டிக்கொடுக்கலாம். திசு மாதிரி காற்றுப் படாமல் ஆய்வகம் போய்ச் சேராவிட்டால் அவை வழியிலேயே செத்து, அறிக்கையில் ‘கிருமி இல்லை’ என்று வந்துவிடும்.

செத்த எலும்பையும் சதையையும் அறுவையில் அகற்றியபின் வாரக்கணக்கில் மருந்து. எந்த வழியில்?

முதல் சில நாட்களுக்கு இரத்தநாளத்தில் குழாய் வழியே ஏற்றுவதே சரி. வாந்தியெடுக்கும் பிள்ளைக்கும் மருந்து முழுதாகச் சேரும். வாரங்கள் நீண்டால் குழாயே தொல்லை: அடைப்பு, இரத்தக்கட்டு, புதுத் தொற்று. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் குழாயோடு வீடு திரும்பிய பிள்ளைகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு அதனால் சிக்கல். சிகிச்சை தோற்றதோ அவர்களிலும் வாய்வழி மருந்தோடு திரும்பியவர்களிலும் ஏறத்தாழ சமம். (அது பொதுவான திடீர் எலும்புத் தொற்றைப் பற்றியது, நம் கதைக்கு அப்படியே பொருந்தாது.)

காற்றே ஆகாத கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் வாய்வழியே ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு எலும்புக்குள்ளும் நன்றாக நுழைகிறது. ஆனால் காற்றுள்ள இடத்தில் வளரும் கிருமிகளை அது தொடாது. துணை மருந்து வேண்டும். மற்றொரு கிருமிக்கொல்லியான கிளிண்டாமைசினின் சிரப்போ வேப்பங்காய். பாட்டி எவ்வளவு கொஞ்சினாலும் பிள்ளை துப்பும்.

காய்ச்சல் தணிந்து, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கினால் நான் வாய்வழிப் பக்கமே சாய்வேன், வேளை தவறாமல் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால்.