16 தட்டும் 8 தட்டும்

இரண்டு உயர்தர உணவகங்களுக்கு ஆறு ஆண்டுகளாக மாறி மாறிப் போய்வருகிறேன். முதலாவதில் நான்கு முறை சாப்பிட்டிருக்கிறேன், இரண்டாவதில் ஐந்து முறை. இரண்டிலும் டேஸ்டிங் மெனு மட்டும்தான். என்ன வரும், எந்த வரிசையில் வரும், எவ்வளவு வரும் என்பதைச் சமையலறையே முடிவுசெய்யும். முதலாவதில் 16 தட்டுகள், சாப்பிட்டு எழ நான்கு மணி நேரமாகும். இரண்டாவதில் 8 தட்டுகள், இரண்டரை மணி நேரம்.

இரண்டுக்கும் ஒவ்வொரு முறை மட்டும் போய்விட்டு எழுதியிருந்தால், முதல் உணவகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். அதன் முதல் ஐந்து தட்டுகளுக்கு ஈடாக வேறெங்கும் நான் எதையும் சாப்பிட்டதில்லை. ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் சின்னச் சின்னப் பண்டங்கள். கடித்ததும் மேல் ஓடு நொறுங்கி, உள்ளேயிருந்து புளிப்பும் உப்பும் சேர்ந்து பரவும். இதை இன்றைக்கும் மனமாரச் சொல்வேன்.

இரண்டாம் முறை போனபோதுதான் ஒன்பதாவது தட்டில் நாக்கு சோர்ந்துபோவதைக் கவனித்தேன். வயிறு நிறையவில்லை, ஆனால் அடுத்தது என்ன என்ற ஆவல் வடிந்துவிட்டது. மூன்றாம் முறை குறிப்பேட்டோடு போனேன். 7, 9, 10, 12 ஆகிய நான்கு தட்டுகளிலும் அடியில் இருந்தது வெண்ணெய் சேர்த்துச் சுண்டவைத்த சாஸ். மேலே மீன், காளான், இறைச்சி என்று பெயர்கள் மாறின. பல்லுக்கும் நாக்குக்கும் கிடைத்தது ஒரே மென்மை, ஒரே கொழுப்பு.

ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதுள்ள விருப்பம் குறையும், இன்னும் தொடாத உணவுகளின் மீதுள்ள விருப்பம் அந்த அளவுக்குக் குறையாது என்பதை 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பல தட்டு விருந்தே இந்த இயல்பை நம்பித்தான் நிற்கிறது. கலிபோர்னியாவில் 1994-இல் ‘பிரெஞ்ச் லாண்ட்ரி’ உணவகத்தை வாங்கிய சமையலர் தாமஸ் கெல்லர், இன்னும் ஒரு வாய் இருந்திருக்கலாமே என்று சாப்பிடுபவர் நினைக்கும் இடத்தில் தட்டு முடிய வேண்டும் என்பார். முதல் உணவகம் அளவைச் சிறிதாக்கிவிட்டது, மாற்றத்தை மறந்துவிட்டது. அளவு மட்டும் சிறிதாக இருந்து பயனில்லை.

இரண்டாவது உணவகத்தில் நான் மறக்காதது ஒரு கேரட். அதன் சாற்றிலேயே பல மணி நேரம் மெதுவாக வேகவைத்து, பிறகு சுட்டிருந்தார்கள். தோல் சுருங்கி, முனை கருகி, பார்க்கச் சாதாரணமாக இருந்தது. கத்தி வைத்ததும் வெளிப்பகுதி இழுவையாக எதிர்த்தது, உள்ளே குழைந்து கிடந்தது. கருகலின் கசப்பு முதலில், இனிப்பு பிறகு, பக்கத்தில் இருந்த புளித்த பாலேடு கடைசியில். இதற்கு அடுத்து வந்தது, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் தெளிவான காளான் சூப், அவ்வளவுதான். கனமான தட்டுக்கு முன் நாக்கைத் துடைத்து வைக்கிற வேலையை அது செய்தது. தலைமைச் சமையலர் எட்டுத் தட்டுகளையும் ஒரே மூச்சில் யோசித்திருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் புரிந்துகொண்டேன்.

பரிமாறுவதிலும் இதே வேறுபாடு. முதலாவதில் ஒவ்வொரு தட்டுக்கும் நீண்ட விளக்கம். ஒருமுறை மேசையிலேயே சூடான சாற்றை ஊற்றிவிட்டுப் பேசத் தொடங்கினார்கள். பேசி முடிப்பதற்குள் மேலே ஆடை படிந்துவிட்டது. அவ்வளவு உழைப்பைப் போட்டுக் காய்ச்சிய சாறு கண்ணெதிரே ஆறுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்றாம் முறை 10-ஆவது தட்டுக்கும் 11-ஆவது தட்டுக்கும் நடுவே 28 நிமிடம் காத்திருந்தோம், ஏன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. இரண்டாவதில் இரண்டு வாக்கியம்தான் சொல்வார்கள், அதுவும் தட்டு இறங்குவதற்கு முன்பே. நண்பர் தொலைபேசியில் பேச எழுந்து போனபோது, அவர் திரும்பி வந்து உட்காரும் வரை அடுத்த தட்டைச் சமையலறை நிறுத்திவைத்தது.

நான் மது அருந்துவதில்லை. அப்படிப்பட்டவர்கள், மதுவுக்குப் பதிலாக உணவோடு என்ன பானம் தருவார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவதில் தட்டுக்குத் தட்டு இனிப்பான பழச்சாறு வந்தது. நாக்கு மந்தமாகி, பாதியிலேயே வயிறும் நிரம்பியது. இரண்டாவதில் குளிர்ந்த தேநீர், நொதிக்கவைத்த பானம் என இனிப்புக் குறைந்தவை, இரண்டு மூன்று மிடறு அளவில். உணவின் சுவையை அவை எடுத்துக் கொடுத்தன.

இரண்டாவதிலும் குறை உண்டு. இனிப்பு வகைகளில் அவர்களுக்கு அக்கறை போதாது, ஐந்து முறையில் நான்கு முறை கடைசித் தட்டு சப்பென்று முடிந்தது. ஓராண்டு இடைவெளியில் போனபோதும் எட்டில் மூன்று தட்டுகள் பழையவையே. அந்தக் காசுக்கு இது நியாயமில்லை.

கடந்த ஆண்டு முதல் உணவகம் 16-ஐ 12-ஆகக் குறைத்திருந்தது. வெண்ணெய் சாஸ் ஒரே தட்டில்தான் வந்தது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. முதன்முறை போகிறவர்களுக்கு, அந்த ஐந்து சிறு பண்டங்களுக்காகவே, அதைத்தான் சொல்வேன். திரும்பத் திரும்பப் போக நினைப்பவர்களுக்கு இரண்டாவது.

அண்மையில் அங்கே போனபோது கேரட் வரவில்லை, அந்த இடத்தில் டர்னிப் வந்தது. ஏன் என்று கேட்டேன். இந்தப் பருவத்தில் வந்த கேரட் எதுவும் திருப்தியாக இல்லை, நல்லது கிடைத்ததும் திரும்ப வைப்போம் என்றார் பரிமாறியவர். அடுத்த முன்பதிவை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.