மேற்கோள் பொத்தான்: எல்லாம் நிரப்பும், பக்க எண்ணைத் தவிர

விக்கிப்பீடியாவின் காட்சித் தொகுப்பில் (பக்கம் தெரிகிற வடிவிலேயே திருத்தும் முறை) மேலே இருக்கிறதே, சான்று சேர்க்கும் மேற்கோள் பொத்தான், அதைத்தான் சொல்கிறேன். பின்னால் இருந்து வேலை பார்ப்பது சிட்டாய்டு என்ற சேவை. இணைய முகவரி, ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), டிஓஐ (ஆய்விதழ்க் கட்டுரை போன்றவற்றின் அடையாள எண்), ஏதாவது ஒன்றை ஒட்டினால் தலைப்பு, ஆசிரியர், வெளியான தேதி, நாம் பார்த்த தேதி எல்லாவற்றையும் தேடி எடுத்து வார்ப்புருவில், அதாவது சான்றுக்கான ஆயத்தப் படிவத்தில், நிரப்பிவிடும். அடிக்குறிப்பை உருவாக்கும் ரெஃப் குறிச்சொல்லைக் கையால் அடித்து, கடைசியில் மூட மறந்து, அடுத்த பத்தியே அடிக்குறிப்புக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்துப் பதறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டிஓஐ கொடுத்தால் முழு மதிப்பெண். 10 என்று தொடங்கும் அந்த எண்ணுக்குரிய விவரங்களைப் பதிப்பாளரே பதிவு செய்து வைத்திருப்பதால் இதழின் பெயர், தொகுதி, பக்கம் வரை பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். நூலுக்குப் பாதி மதிப்பெண்தான். 2007-க்கு முந்தைய 10 இலக்க ஐஎஸ்பிஎன் ஆனாலும் சரி, இப்போதைய 13 இலக்கம் ஆனாலும் சரி, நூலைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் பக்க எண்ணை நாம்தான் போட வேண்டும், பலரும் போடுவதில்லை. 400 பக்க நூலைக் காட்டி 'இதற்குள் எங்கோ இருக்கிறது' என்றால் சரிபார்க்க வருகிறவர் என்ன செய்வார்?

செய்தித் தளங்கள் தனிக்கதை. ஒரு தளத்தின் முகவரியை ஒட்டினேன், தலைப்பு என்ற இடத்தில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. தானியங்கிகளை அந்தத் தளம் உள்ளே விடுவதில்லை, அது காட்டிய பிழைப் பக்கத்தின் தலைப்பைக் கருவி அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டது, நானும் பார்க்காமல் சேமித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவர் திருத்தினார். (நன்றி, மானம் போனதுதான் மிச்சம்.) அப்புறம் பெயர்ச் சிக்கல்: உலகத்தில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்ற நினைப்பில் கட்டங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், வெறும் தலைப்பெழுத்தோடு எழுதுகிறவர்களின் பெயர் முன்னும் பின்னுமாகப் போய் விழும்.

எனக்கு ஆகவே ஆகாதது வேறு. ஒரே சான்றை இரண்டாம் முறை பயன்படுத்த 'மறுபயன்பாடு' என்று ஒரு வசதி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அப்போது அந்தச் சான்றுக்குக் கருவி தானாக வைக்கும் பெயர் ஒரு முக்காற்புள்ளியும் பூஜ்யமும், அடுத்ததற்கு முக்காற்புள்ளியும் ஒன்றும். கட்டுரைக்குக் கட்டுரை இதே பெயர்கள்தான். மூல உரையில் (குறிச்சொற்களோடு தெரியும் பக்கத்தில்) ஒரு பத்தியை வெட்டி வேறு கட்டுரையில் ஒட்டும்போது சான்றின் விவரம் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் கூடப் போனால், அங்கே ஏற்கெனவே அதே பூஜ்யப் பெயரில் இருக்கும் சான்றோடு சேர்ந்துகொள்ளும், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகூட வராது. பறவையைப் பற்றிய வரிக்குப் பாலம் கட்டுவது பற்றிய நூல் சான்றாக நிற்கும், பார்க்கிறவருக்கோ எண் போட்ட அழகான அடிக்குறிப்பு.

அதனால் நான் பொத்தானை அழுத்திய கையோடு மூல உரைக்குப் போய், ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்து சான்றுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறேன். பக்க எண்ணையும் அப்போதே போட்டுவிடுவேன், நூல் மடியில் திறந்து கிடக்கும்போதே.