சாட்சியை மடக்குவதா, வாக்குமூலத்தை உடைப்பதா?

வவுனியா மேல் நீதிமன்றத்தில் எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, நிற்கும் சட்டத்தரணிக்கு, சாதாரண வழக்கென்றால் குறுக்கு விசாரணையே பலம். மாலை மங்கிய பிறகு பாலைமரத்தடியில் நின்றவனின் முகத்தை எத்தனை அடி தூரத்திலிருந்து கண்டீர்கள்? பொலிஸாரிடம் முதலில் அதை ஏன் சொல்லவில்லை? நியாயமான சந்தேகம் ஒன்று எழுந்தால் போதும். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவே தள்ளிவிடுகிறது.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் நிலைமை வேறு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று எதிரியே நிரூபிக்க வேண்டும். இதை அநீதி என்றே சொல்வேன். அங்கே எதிரியின் உடலில் சட்ட வைத்திய அதிகாரி அளந்து எழுதிய ஒரு தழும்பு, பத்துச் சாட்சிகளைவிடப் பெறுமதியானது. வேறு சான்று இல்லாதபோது, வாக்குமூலம் விழுந்தால் வழக்கும் விழும்.