ஆங்கிலத் தோட்டத்தில் விருந்து: கல்தளமா, வேலி அறையா?

பாரம்பரிய ஆங்கிலத் தோட்டம் என்றாலே பேச்சு ரோஜாவிலும் லாவெண்டரிலும்தான் தொடங்கும். ஆனால் நாலு பேரை அழைத்துச் சாப்பாடு போடும் எண்ணம் இருந்தால், செடி வாங்கும் முன்பே மேசைக்கு இடம் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, வீட்டுச் சுவரை ஒட்டிப் போடும் கல்தளம். மற்றொன்று, ஆளுயர வேலிச்செடிகளை நாலு பக்கமும் வளர்த்துத் தோட்டத்துக்குள்ளேயே அமைக்கும் திறந்தவெளி அறை.

கல்தள வழியைப் பார்க்க இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள ஹெஸ்டர்கூம் தோட்டத்துக்குப் போகலாம். பின்னாளில் புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யென்ஸ் 1904-08 காலத்தில் அங்கே கல் வேலையைத் திட்டமிட்டார். செடிகள் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கலின் பொறுப்பு. கல்லின் கறாரான கோடுகளை விளிம்பில் வழியும் செடிகள் மென்மையாக்குகின்றன. வீட்டுத் தோட்டத்திலும் இதைச் செய்யலாம்: கல் இடுக்குகளில் தைம் என்ற மணமுள்ள மூலிகை, ஓரத்தில் நெப்பீட்டா என்ற பூச்செடி. பழைய யார்க்ஷயர் கல் விலை அதிகம் என்பதால், பலர் ராஜஸ்தான் மணற்கல்லைப் போடுகிறார்கள்.

இதில் பெரும்பாலானோர் சறுக்குவது அளவில்தான். ஆறு பேர் உட்காரும் மேசைக்கே 3 மீட்டருக்கு 3 மீட்டர் வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ மட்டும் 90 செ.மீ. போய்விடும். அப்புறம், தளம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு (மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவும் வேண்டும்.

வேலி அறைக்குப் பெயர்போனது கென்ட்டில் உள்ள சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டம். எழுத்தாளர் தம்பதி வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் வாங்கிய இடம் அது. அங்குள்ள வெள்ளைத் தோட்டம் அந்திக்கென்றே பிறந்தது. சிவப்புப் பூக்கள் இருட்டில் கரைந்த பிறகும் வெள்ளைப் பூக்கள் கண்ணுக்குத் தெரியும். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் நிற்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய சுகம்! சுற்றிலும் வேலி இருப்பதால் காற்றும் அடிக்காது, பக்கத்து வீட்டுப் பார்வையும் படாது.

ஆனால் பொறுமை வேண்டும். யூ என்ற பசுமைமாறா மரத்தின் வேலி நன்றாக வளர்ந்தாலே ஆண்டுக்குச் சுமார் 30 செ.மீ.தான். அதன் இலையும் விதையும் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஹார்ன்பீம் என்ற வேலி மரம் வைப்பது நல்லது. வேலிக்கு வழக்கமாக வைக்கும் பாக்ஸ் என்ற புதர்ச்செடியைப் பரிந்துரைக்க மாட்டேன். கருகல் நோயும் அந்துப்பூச்சிப் புழுவும் அதை மொட்டையடித்துவிடுகின்றன.

புல்வெளியில் மேசை போடுவது ஒரு நாள் விருந்துக்குச் சரி. மழை பெய்தால் நாற்காலிக் கால் மண்ணில் இறங்கும்.

என் ஓட்டு கல்தளத்துக்கே. சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டிலேயே அந்தக் குடும்பம் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்ட கொடிப்பந்தல், சமையலறை இருந்த கட்டடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. சூடான தட்டோடு நெடுந்தூரம் நடக்க யாரும் விரும்புவதில்லை. வீட்டின் பின்புறம் வடக்கு பார்த்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அங்கே தளம் நிழலில் கிடந்து பாசி பிடித்து வழுக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாலை வெயில் விழும் கடைக்கோடியில் வேலி அறையை அமைத்து, இருவர் தட்டோடு சேர்ந்து நடக்கும்படி 1.2 மீட்டர் அகலத்தில் பாதை போடச் சொல்வேன்.